வடக்குச் சுவருக்கும் மகளுக்கும் நடுவில்

"சுவரில் சாயம் தெரிகிறது என்று கொத்தனார் சொன்னபோது, நீங்கள் ஏன் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை?"

கேட்டவர் ஒரு பேராசிரியை. லேப்டாப் திரையில் அவரோடு சேர்த்து மூன்று முகங்கள் இருந்தன. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே என் மூன்றரை வயது மகள், "அம்மா, தொற. நான் சத்தம் போட மாட்டேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் அது. பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளாமல், புதிதாகப் பூசியும் கெடுக்காமல், அதனதன் இயல்போடு நிற்க வைக்கும் படிப்பு. இரண்டு வருடம். கல்லூரி வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். நான் படித்தது சிவில் என்ஜினியரிங். விண்ணப்பத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" என்ற இடத்தில், நான் கெடுத்த ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வைத்துத்தான் பேராசிரியை கேட்டார்.

வாய்வரை ஒரு பதில் வந்தது. "அப்போது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. நேரில் போக என்னை விடவில்லை" என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவள்தான் அந்த எட்டு மாதக் கர்ப்பம். என் தவற்றை அவள் தலையில் வைப்பதுபோல் தோன்றியது. அதை அப்படியே விழுங்கிவிட்டேன். அவர்கள் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து, இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் வகையறாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பக்கத் தெருவில் சின்ன மண்டபம் ஒன்று உண்டு. அந்தத் தெரு அம்மனுக்குப் பங்குனியில் பொங்கல் நடக்கும்போது, ஒரு நாள் சாயங்காலம் சப்பரம் எங்கள் மண்டபத்தில் வந்து நிற்கும். வந்தவர்களுக்கெல்லாம் பானகமும் சுண்டலும் கொடுப்போம். அந்த ஒரு நாள் மண்டகப்படி எங்கள் வகையறாவுக்கு உரியது. மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். முன்னால் நாலு கல் தூண், பின்னால் மூன்று பக்கம் செங்கல் சுவர். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். அப்படி அடித்து அடித்துச் சுவரில் சுண்ணாம்பே விரல்கடை கனத்துக்கு ஏறியிருந்தது.

நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், "இனிமேல் சுண்ணாம்பு வேண்டாம், ஒரேயடியாக நிரந்தரமாகச் செய்துவிடுவோம்" என்று வகையறாவில் முடிவானது. வீட்டில் படித்த மருமகள் இருக்கிறாள், அதுவும் என்ஜினியர். கேட்காமல் இருப்பார்களா? கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் அப்பா சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் சிமெண்டு என்றால் உறுதி, சுண்ணாம்பு என்றால் ஏழ்மை. பழைய காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசுங்கள், கீழே இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டுங்கள், மேலே பெயின்ட் அடியுங்கள் என்று தாளில் அளவோடு எழுதிக் கொடுத்தேன். "நூறு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று வாயாலும் சொன்னேன்.

வேலை தொடங்கும்போது எனக்கு எட்டாம் மாதம். சுவரை இடிக்கிற, உடைக்கிற இடத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பு. அத்தை, அதாவது என் மாமியார், பஸ் ஏறவே விடவில்லை.

"நீ இங்கன இருந்தே போன்ல சொல்லு தாயி. கொத்தனாருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

இன்னொரு கண்டிப்பும் இருந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்தத் தெருவில் கொத்தோ கடப்பாரையோ எடுக்கக் கூடாது. அதற்குள் பூசி முடிக்க வேண்டும். பாதி உரித்த சுவரோடு அம்மனை நிறுத்துவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

காப்புக் கட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொத்தனார் போன் செய்தார். நான் ஸ்கேன் எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு முட்டிப்போய், எப்போது கூப்பிடுவார்களோ என்றிருந்த நேரம்.

"யம்மா, தெக்குச் சுவத்துல சுண்ணாம்புக்கு உள்ள ஏதோ சாயம் தெரியுது. செவப்பும் நீலமுமா இருக்கு. நிப்பாட்டவா?"

"பழைய பெயின்டா இருக்கும்ணே. சுரண்டிட்டுப் பூசுங்க. நாளைக்குள்ள முடியணும்."

"செத்த நேரம் பொறுத்து, ஒரு எட்டு வந்து பாக்கீகளா?"

"என்னால வர முடியாதுண்ணே. பூசிடுங்க."

அவ்வளவுதான். அதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்ப் படுத்தேன். திரையில் குழந்தையின் மூக்கைக் காட்டினார்கள். கொத்தனாரை அதோடு மறந்துவிட்டேன்.

மகள் பிறந்து நாலு மாதம் ஆனபோது அவர் பிள்ளையைப் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்குச் சொன்னேன்ல, இந்தா" என்று தன் போனை நீட்டினார். சுரண்டுவதற்கு முன்னால் எடுத்த படம். தலையில் முளைப்பாரி வைத்த பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். ஒருத்திக்குக் கண்ணும் மூக்கும் தெளிவாக இருந்தன. மற்றவர்களுக்குப் பாதி முகம், கால் முகம். அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய். இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் கொத்தனாரின் கொத்தும் தெரிந்தது. படம் எடுத்துவிட்டு அதே கொத்தால்தான் சுரண்டியிருக்கிறார். நான் சொன்னபடி செய்தார்.

"மத்த சுவர்லயும் இருந்துச்சாண்ணே?"

"பின்னாடிச் சுவத்துல ஒண்ணுமில்ல. வடக்குச் சுவத்தச் சுரண்ட நேரமில்லம்மா. கலவை புடிக்க மேலாப்புல கொத்திவிட்டு அப்படியே பூசிட்டோம். உள்ள இருந்தாலும் இருக்கும்."

அன்றிலிருந்து எனக்கு அந்த வடக்குச் சுவர்தான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில் படித்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விடும், சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு வருடம் கல்லூரியில் படித்தவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. சொல்லிக் கொடுத்த அன்று நான் கவனிக்காமல் இருந்தேனோ என்னவோ. அடுத்த மழைக்கே டைல்ஸ் உப்பிக்கொண்டு வந்தது. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சுவரில் உப்புப் பூத்தது. ஒரு பக்கம் விரிசலும் விட்டது.

விண்ணப்பித்தது கணவருக்கு மட்டும் தெரியும். அவர் ராணுவத்தில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை வருவார். "போடு, கெடைக்கும்போது பாத்துக்கிடலாம்" என்றார். கிடைக்காது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடம் கிடைத்த கடிதம் வந்த வாரமே, மண்டபத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவது பற்றிப் பேச வகையறா கூடியது. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்தின் உள்ளேயே. பொதுவாக அங்கே ஆண்கள்தான் பேசுவார்கள். கலவை சொன்னவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். என் மாமனார் இறந்தபின் வகையறாவில் மூத்தவர் அவர்தான். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டைல்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நூறு வருசம் நிக்கும்னு நீதானம்மா சொன்ன?"

"ஆமா மாமா."

"நூறு வேண்டாம் பெரியப்பா. ஒரு அஞ்சு வருசம் நின்னிருந்தா நாமளும் பொறுத்திருப்போம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும், என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, போனை எடுத்துப் பெரிய மாமாவிடம் கொடுத்தேன். தெற்குச் சுவரில் இது இருந்தது, நான்தான் சுரண்டச் சொன்னேன், வடக்குச் சுவரில் இன்னும் இருக்கலாம், இடித்தால் அதுவும் போய்விடும் என்று சொன்னேன். திட்டட்டும், எழுந்து போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏலே, அந்தக் கண்ணாடிய எடு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் செய்ததுபோலவே படத்தைப் பெரிதாக்கினார். முளைப்பாரிப் பெண்களைத் தாண்டி நாயிடம் போய் நின்றார்.

"இது நம்ம ஊரு நாயில்லையா! மூக்கப் பாரு, இளஞ்செவப்பு. காதப் பாரு. ஏலே, இங்க வந்து பாருங்கலே."

பெரிய மாமா முப்பது வருடம் ராஜபாளையம் நாய் வளர்த்தவர். போன் கைக்குக் கை போனது. வாலின் வளைவு சரியா தப்பா என்று ஒரு சண்டை வந்தது. அந்தப் பெண்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன் திரும்பி வந்ததும் பெரிய மாமா கேட்டார்.

"அப்ப இத அழிச்சாச்சு?"

"ஆமா மாமா."

"சரி விடு. வயித்துப்பிள்ளைக்காரி, போன்ல என்னத்தக் கண்ட. உன்ன என்ன சொல்ல?"

நேர்காணலில் நான் சொல்லாமல் விழுங்கியதை அவர் தானாகவே எனக்குக் கொடுத்தார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு இடம் கிடைத்ததை என் கணவர் முந்தின நாளே அவரிடம் போனில் சொல்லியிருந்தார்; பிறகு அவர்தான் தீர்த்துச் சொன்னார். "எம் மருமகளுக்கு இதையே படிக்க இடம் கெடச்சிருக்காம். அவ போயி ரெண்டு வருசம் படிச்சுட்டு வரட்டும். அம்புட்டு நாளும் முட்டுக் கொடுத்து வச்சுக்கிடுவோம். சப்பரத்த வெளியில பந்தல் போட்டு நிப்பாட்டிக்கிடலாம். வந்து வடக்குச் சுவத்தத் தொறக்கட்டும். அதுல இன்னொரு நாய் இருந்தாலும் இருக்கும்."

வேறு யாரையாவது வரவழைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். நாலு பேருக்கு எழுதினேன். பூட்டிக் கிடக்கும் சின்ன மண்டபத்துக்காக அவ்வளவு தூரம் வர யாராலும் முடியவில்லை. ஒருவர் மட்டும் அன்பாகப் பதில் போட்டார்: அவசரப்பட்டுச் சிமெண்டை உடைக்காதீர்கள், உள்ளே இருப்பதும் சேர்ந்து வந்துவிடும்.

கல்லூரியில் சேருவதற்கு முன், விருப்பம் உள்ளவர்களுக்குப் பத்து நாள் முகாம் ஒன்று நடத்தினார்கள். என்னால் மகளை விட்டு இருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவள் இருப்பாளா என்பதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது தெரிகிறது.

ஒரு பழைய அரண்மனைக் கூடத்தில் முகாம் நடந்தது. ஆளுக்கு ஒரு அறுவைக் கத்தியும் பூதக்கண்ணாடியும் கொடுத்தார்கள். சுவரில் ஏறியிருந்த வெள்ளையைப் பொடிப்பொடியாக எடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தால் உள்ளங்கை அளவு சுத்தமாகும். மூன்றாம் நாள் என் கத்தியின் கீழ் ஒரு துளி நீலம் தெரிந்தது. கொத்தனார் சொன்ன நீலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள், உதிரும் சாயத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று காட்டினார்கள். சாயத்தின் மேல் மெல்லிய வலைத்துணியை வைத்து, இலேசான பசையைத் தடவினால் போதும். உதிராமல் அப்படியே நிற்கும். மாதக்கணக்கில், வேலை செய்ய ஆள் வரும்வரை நிற்கும். பயிற்சி கொடுத்தவர் துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். அது சாதாரண பேண்டேஜ் துணி. எங்கள் ராஜபாளையத்துப் பக்கம் தறி தறியாக நெய்கிற துணி. பொட்டலத்தின் மேல் இருந்ததும் எங்கள் ஊர்ப் பெயர்தான். ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவமானபோது என்னைச் சுற்றிக் கிடந்ததும் அதே துணி. இரண்டு முழம் வாங்கி அனுப்பியிருந்தால் போதும். "நிப்பாட்டுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாகவும் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு வேலையை எடுத்தால் அது முடியும்வரை யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தது அந்தப் பத்து நாள்தான். மகளின் குரலை வீடியோவில் கேட்பேன். "சாப்பிட்டியா?" என்பேன். "ம்" என்பாள். வைத்துவிடுவேன். மனசு திரும்பவும் சுவருக்குப் போய்விடும்.

திரும்பும்போது மதுரையிலிருந்து பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே அவளுக்குப் பால்கோவா வாங்கினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. தோளில் பையோடு நின்றேன். அவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால், "அந்த வீட்டுல வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க நாதியில்ல" என்று ஊரெல்லாம் பேசுவார்கள். நான் இல்லாத நாட்களில் அத்தை அவளுக்கு அதைப் பழக்கியிருக்கிறார். பையோடு யார் வாசலில் நின்றாலும் வாங்க என்று சொல்ல வேண்டும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் உள்ளே போனாள். இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து நீட்டினாள்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, எம்புட்டு மரியாதை! பெத்தவளுக்கே தண்ணி கொடுத்துக் கேக்கா. யாரு பழக்குனது?"

வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய? குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். என்னைத் தெரியாமல் இல்லை. அம்மா என்று நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பத்து நாளில், வந்து போகிறவர்களின் வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டாள். தூக்கினேன். வந்தாள், ஆனால் கால்கள் என் இடுப்பைக் கட்டவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் "அப்பத்தா" என்று அந்தப் பக்கம் கை நீட்டினாள்.

நாலைந்து நாளில் பழையபடி ஆகிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைகிறாள். "நீ" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனாலும் கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் எனக்குள் ஒரு பயம் வருகிறது.

கணவரிடம் போனில் சொன்னேன். அவர் வருத்தப்படுவார், என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது. எனக்கு ஒவ்வொரு லீவுக்கும் அதானட்டி."

"என்ன அதான்?"

"போன வருசம் வந்தப்ப என்ன மாமான்னு கூப்பிட்டா. ரெண்டு நாளு. நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிச்சீக. வீடியோ எடுத்து உங்க வீட்டுக்குக்கூட அனுப்புன."

ஆமாம். சிரித்தேன். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. பார்த்தேன். அதில் அவரும் சிரிக்கிறார். முன்பு அதில் மகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, தூக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நிற்கிறார்.

"அப்ப நான் போக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நான் வேண்டாம்னு சொல்லல. போறதுன்னா போ. பிள்ளை நல்லாத்தான் இருக்கும், அம்மா பாத்துக்கிடுவா. ஒனக்குத்தான் வலிக்கும். அத ஒருத்தருகிட்டயும் சொல்ல முடியாது, அம்புட்டுத்தான்."

இவ்வளவு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீண்ட பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அத்தையோடு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"சுவத்தப் படிக்கப் போறதா முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லத்தை."

"போ. நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. போனா முழுசாப் போ. நாலு நாள் லீவு விட்டாங்க, பிள்ளையப் பாக்கணும்னு ஓடி வராத."

"ஏன் அத்தை?"

"இவன் பட்டாளத்துல இருந்து வந்துட்டுப் போகும்போதெல்லாம், பிள்ள ஒரு வாரம் வாசல்லயே உக்காந்திருக்கும். யாரு சமாதானம் பண்ணுதா? நான்தான். நீயும் அப்படி வந்து வந்து போனா, அதுக்குப் பொறவு எனக்குத் தெம்பு இல்ல தாயி."

காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு, "நார எடுக்காமப் போடுத, பாத்து" என்று என் கையிலிருந்த காயை வாங்கிக்கொண்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியென்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு வருடம் மகளைப் பார்க்காமல் இருப்பது என்றால் என்ன என்று நான் நினைக்கத் தொடங்கும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. இல்லையென்றால் நானே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று விசாரித்தேன். விடுதியில் குழந்தைகளுக்கு இடமில்லை. வெளியே வீடு எடுத்தால், நான் வகுப்பிலும் களத்திலும் இருக்கும் நேரமெல்லாம் மொழி தெரியாத ஊரில் யாரோ ஒருவர் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்பத்தாவிடம் இருப்பதைவிட அது எப்படி நல்லது? ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரிக்கு எழுதினேன். முடியாது, மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மறுபடியும் அந்தக் கதையை எழுதி, மறுபடியும் அந்த மூன்று முகங்களுக்கு முன்னால் உட்கார என்னால் முடியுமா?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மண்டபத்தைப் பார்த்தேன். சொன்ன சொல் தவறாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சவுக்குக் கட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பலகை. சாவியைக் கொடுக்கும்போது பெரிய மாமா, "என்னைக்குப் பயணம்?" என்று கேட்டார். சொல்கிறேன் மாமா என்றேன். வடக்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். வெளியே அத்தனை வெயில், சுவர் மட்டும் ஈரமாக இருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலத்தை அது தாங்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் படித்துவிட்டு வந்து திறக்கும்போது உள்ளே ஒன்றுமே இல்லாமல் போகலாம். தொடக்கத்திலிருந்தே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் மகளை எதற்காக விட்டுப் போனேன் என்று யாரிடம் சொல்வேன்? போகாமல் இருந்து, அவள் வளர்ந்தபின், "உனக்காகத்தான் போகவில்லை" என்று ஒருநாள் கோபத்தில் அவளிடமே சொல்லிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. என்னை எனக்குத் தெரியும். சொல்லிவிடுவேன்.

சேருகிறேனா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் போ என்கிறார்கள். ஒருவராவது தடுத்திருந்தால் அவரோடு சண்டை போட்டாவது எனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டிருப்பேன். அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் கேட்கிறேன். படிப்புக்காகவோ வேலைக்காகவோ சின்னப் பிள்ளையை விட்டுப் போன அம்மாக்கள் இதைப் படித்தால், அந்தப் பிள்ளை இப்போது உங்களோடு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நல்லபடியாக இல்லை என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். அம்மா விட்டுப் போய் வளர்ந்த பிள்ளைகளும் எழுதலாம். நடுவில் வந்து வந்து போனது உங்களுக்குப் பிடித்திருந்ததா, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதா? எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.